மூச்சோடு வீட்டுக்கு

எங்கள் பக்கத்தில் 'வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்' என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஒருவர் அதைச் சொன்னால், கேட்கிறவர் உடனே சந்தோஷப்பட்டுவிட மாட்டார். முதலில் சொன்னவரின் முகத்தைப் பார்ப்பார். குணமாகிப் போகிறார்களா, மூச்சோடு கொண்டுபோகிறார்களா என்பது முகத்தில்தான் தெரியும். வெளியில் செத்தவரின் உடலை வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. வாசலோடு சரி. அதனால், இனித் தேறாது என்று தெரிந்தால், மூச்சு இருக்கும்போதே ஆம்புலன்ஸில் ஏற்றுவார்கள். வழியெல்லாம் ஒருவர் ரப்பர் பையை அமுக்கிக் காற்றுக் கொடுத்துக்கொண்டே வருவார். வீட்டுக்குள் படுக்க வைத்த பிறகு பையை எடுத்துவிடுவார்கள்.

தீர்த்தம்மாளுக்கு இரண்டு அர்த்தமும் நன்றாகத் தெரியும். தீர்த்தமலை அடிவாரத்துச் சிற்றூர்க்காரர். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டார். பத்தொன்பது வயதில் புளி உலுக்க மரம் ஏறி விழுந்தார். ஆண்கள் ஏறி உலுக்குவதும் பெண்கள் கீழே பொறுக்குவதும்தான் வழக்கம். அன்று உலுக்க வந்தவன் குடித்துவிட்டு மரத்தடியிலேயே படுத்துக்கொண்டான். இவர் ஏறிவிட்டார்.

"அவன் ஏறியிருந்தா அவன் வுழுந்திருப்பான். ஆனா போதைல வுழுந்தவனுக்கு என்ன ஆவும், மண்ணத் தட்டிட்டுப் போயிருப்பான்" என்பார்.

சேலத்தில் முதுகெலும்பில் ஆபரேஷன் நடந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வு திரும்பவில்லை. ஒரு நாள் டாக்டர் வந்து அவருடைய அப்பா மாயவனிடம், "இனி இங்க செய்ய ஒண்ணும் இல்லப்பா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். வைத்தியம் முடிந்தது, வீட்டில் வைத்துப் பயிற்சி கொடுங்கள் என்பதுதான் அவர் சொன்னது. மாயவன் காதில் விழுந்தது வேறு. ஊருக்குத் தகவல் சொல்லிவிட்டு வண்டி பிடித்தார்.

"தல தெக்கால இருக்கற மாதிரி கட்டிலப் போட்டு வெச்சிருந்தாங்க. பொம்பளைங்க சுத்தி ஒக்காந்து அழறாங்க. நான் கண்ண முழிச்சுப் பாத்துகிட்டே இருக்கறேன், எனக்குத்தான் அழறாங்க. பசிக்குதுன்னேன். எங்க சின்னம்மா அழுகைய நிறுத்தாமயே எந்திரிச்சுப் போயி களி கொண்டாந்தா. ஊட்டிகிட்டே அழறா."

கேட்பவர்களைச் சிரிக்க வைக்கத்தான் இதைச் சொல்வார். ஆனால் அந்த வாரம் முழுக்கத் தூங்காமல் கிடந்ததையும் ஒருமுறை என்னிடம் சொன்னார். கண்ணை மூடினால் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயம். விடியும்வரை கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டு கிடப்பாராம். யாராவது எட்டிப் பார்த்தால் உடனே ஏதாவது பேசுவாராம். "அன்னைல இருந்து வாய மூடல" என்பார்.

மூடாத அந்த வாய்தான் அவருக்குப் பிழைப்பும் பெயரும் ஆனது. ஒரு மறுவாழ்வு மையத்தில் தங்கிச் சக்கர நாற்காலியில் இருக்கக் கற்றுக்கொண்டு வந்தார். படுக்கைப்புண் வராமல் உடம்பைத் தூக்கி வைக்கும் வித்தையை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அரூரில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் மாற்றுத்திறனாளிகளுக்கான சங்கம் ஒன்றை நடத்துகிறார். அலுவலக வாசலில் சரிவுப் பாதை கேட்பார். போட்டுக் கொடுத்தால், இவ்வளவு செங்குத்தாக ஏறுவதற்கு நான் என்ன ஆடா என்று திரும்பப் போய்க் கேட்பார். சக்கர வக்கீல் என்று முதுகுக்குப் பின்னால் சொல்கிறார்கள். "முன்னாடி வந்து சொல்லச் சொல்லு. திரும்பிப் பாக்கறதுக்குத்தான் எனக்கு நேரம் ஆவும்" என்பார்.

நான் பல வருடம் வெளியூர்களில் சுற்றிவிட்டு அரூருக்குத் திரும்பியிருந்தேன். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சங்கத்துக்கு வண்டி ஓட்ட ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் அவரைத் தெரியும்.

சங்கத்தின் நோட்டீஸ், போஸ்டர் எல்லாவற்றையும் போனிலேயே வடிவமைத்துத் தருகிறவன் மதியழகன். இண்டூர்ப் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறான். தசைச் சிதைவு நோய். சின்ன வயதிலேயே நடை போயிற்று, பிறகு கைகள் போயின. இருபத்தேழு வயதில் மிச்சம் இருப்பது பேச்சும் வலது கட்டைவிரலும். அந்தக் கட்டைவிரலால் அவன் செய்கிற வேலையைப் பத்து விரல்காரர்கள் செய்யமாட்டார்கள். சங்கத்தின் வாட்ஸப் குழுவுக்கு அவன்தான் அட்மின். காலை வணக்கம் படம் போடுகிறவர்களை ஈவிரக்கம் இல்லாமல் வெளியேற்றிவிடுவான். ஒருமுறை தீர்த்தம்மாளையே வெளியேற்றினான்.

போன மழைக்காலத்தில் அவனுக்கு நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. தருமபுரியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வாய் வழியாகக் குழாய் போட்டு மிஷினில் மூச்சு ஓடியது. சில நாள் கழித்து அவனுடைய அம்மா ராமக்காள் தீர்த்தம்மாளுக்குப் போன் செய்தார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"தீர்த்தம்மா, நாளைக்குக் காலைல மதிய வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்."

தீர்த்தம்மாள் போனையே பார்த்தார். போனில் முகம் தெரியாதே.

"எப்பிடிக்கா?" என்றார் கடைசியில்.

"மூச்சோட."

"ராமக்கா..."

"அவனே சரின்னுட்டான் தீர்த்தம்மா. நான் கேட்டேன், சாமி, வூட்டுக்குப் போலாமான்னு. கண்ண மூடித் தொறந்தான். ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவையும் மூடுனான். டாக்டரம்மா பக்கத்துலதான் நின்னாங்க." பிறகு சொன்னார், "நீ வந்து ஒருக்கா பாத்துட்டுப் போயிரு."

காலையில் கிளம்பினோம். வழக்கமாக வண்டியில் பாட்டுக்கும் டீக்கும் சண்டை போடுகிறவர் அன்று எதுவும் கேட்கவில்லை. சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். ஊரைத் தாண்டும்போது மட்டும் ஒன்று சொன்னார். "அவன் கண்ண மூடுனது எதுக்குன்னு யாருக்குத் தெரியும்?"

ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் பின்கதவு திறந்தபடி நின்றது. சொந்தக்காரர்கள் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள். யாரும் அழவில்லை. அழுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்பதுபோல நின்றார்கள். மதியின் அண்ணன் பச்சியப்பன் எங்களைப் பார்த்து வந்தார். தோட்டத்தில் விவசாயம் பார்க்கிறவர். பல வருடமாக ராத்திரியில் எழுந்து தம்பியைப் புரட்டிப் போடுகிறவர். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"வாங்கக்கா. உள்ள ஒருத்தரத்தான் வுடறாங்க. அம்மா வந்ததும் நீங்க போங்க."

"பச்சி, இது வேணாம்டா. அவனுக்கு என்ன செய்யப்போறீங்கன்னு அவன்கிட்ட சொன்னீங்களா?"

"என்னத்தக்கா சொல்றது? உன்ன சாவடிக்கப் போறோம்னா? நாங்க ஊசி கீசி போடலீங்க. வூட்டுக்குத்தான் கூட்டிட்டுப் போறோம்."

"டாக்டரு வேற வழி எதுவும் சொல்லலியா?"

"சொன்னாங்க. தொண்டைல ஓட்ட போட்டு, சின்ன மிஷினு வெச்சு வூட்டுலயே பாத்துக்கலாம்னாங்க. எத்தன காலத்துக்குன்னு கேட்டேன். அவன் இருக்கற வரைக்கும்னாங்க." அவர் தரையைப் பார்த்தார். "நான் தூங்கிட்டா, மிஷினு கத்தறது கேக்காம போயிருச்சுன்னா, நாந்தானக்கா கொன்னவன். அத விட இது மேல். எல்லாரும் பாக்க, அவன் எடத்துல போயிருவான். இங்கயே போச்சுன்னா வாசல்ல, வெயில்ல போட்டு வெப்பாங்க. எங்கப்பன அப்பிடித்தான் வெச்சாங்க."

தீர்த்தம்மாள் ஏதோ சொல்ல வாய் திறந்தார். பச்சியப்பனின் போன் அடித்தது. எடுத்தார். பந்தல் போடுகிறவர். எத்தனை மணிக்கு ஆளை அனுப்புவது என்று கேட்பது எங்களுக்கே கேட்டது. பச்சியப்பன் எங்களைப் பார்த்தார். "அப்பறம் கூப்படறேண்ணா" என்று வைத்துவிட்டார்.

உள்ளே ஒருவன் கண் விழித்துப் படுத்திருக்கிறான். வெளியே அவனுக்குப் பந்தல் கேட்கிறார்கள்.

டாக்டர் நிர்மலாவை அவருடைய அறையில் பார்த்தோம். இளவயது. தூக்கமில்லாத முகம்தான் அவருக்கும்.

"மேடம், நீங்க மிஷின நிறுத்தறீங்களா?" என்று நேராகக் கேட்டார் தீர்த்தம்மாள்.

"இல்லைங்க. இங்க நிறுத்தறதா இருந்தா அதுக்கு முறை இருக்கு. ஒரு டாக்டர் குழு பாக்கணும், இன்னொரு குழு திரும்பப் பாக்கணும். அவருக்கு நினைவு இருக்கு, அதனால அவரையே கேக்கணும். ஆனா குடும்பம் கூட்டிட்டுப் போறோம்னு சொன்னா..." என்று நிறுத்தினார். "அவர் சம்மதிச்சார். நானே பாத்தேன்."

"என்னான்னு கேட்டீங்க?"

"வீட்டுக்குப் போலாமான்னு அவங்க அம்மா கேட்டாங்க."

"அவ்ளோதானுங்களா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "நான் இந்த ஊர்க்காரிதாங்க. அவங்க கேட்டப்ப எனக்கு அர்த்தம் புரிஞ்சுது. அவருக்கும் புரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்" என்றார். எழுந்தார். "வாங்க. நானே கேக்கறேன். இல்ல, நீங்க கேளுங்க."

நாற்காலியைத் தள்ள ஆள் வேண்டும் என்பதால் என்னையும் உள்ளே விட்டார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு முன்னால் தீர்த்தம்மாள் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார்.

"ஒரு நிமிசம் நில்லு புள்ள."

நின்றேன். அவருடைய கழுத்தில் வியர்வை ஓடியது. அங்கே ஏசி குளிர்ந்துகொண்டிருந்தது.

"அவங்கிட்ட கேளுங்க, அவங்கிட்ட கேளுங்கன்னு ஊரெல்லாம் கத்தறேன். கேட்டு, அவன் ஆமா சாவறேன்னுட்டா? நான் என்ன பண்ணுவேன்? பேசாம வண்டிய ஓட்டிட்டு வந்துருவனா?"

பிறகு அவரே சக்கரத்தை விட்டார்.

மதி சின்னப் பையனைப் போலத் தெரிந்தான். வாயில் குழாய், கன்னத்தில் பிளாஸ்திரி. மிஷின் மூச்சை இழுத்து விடும் சத்தம் அவனுடைய நெஞ்சோடு சேர்ந்து ஏறி இறங்கியது. சொந்தங்களைப் பார்க்கட்டும் என்று தூக்க மருந்தைக் குறைத்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் கண் அகலமானது. ராமக்காள் கால்மாட்டில் நின்று அவனுடைய பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

தீர்த்தம்மாள் அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை. வலது கையைப் பார்த்தார். ஊசி ஏறியிருந்த அந்தக் கையை அசையாமல் இருக்க அட்டையில் வைத்துக் கட்டியிருந்தார்கள். கட்டைவிரலும் கட்டுக்குள்.

"ராமக்கா, அவன் பேசற கை அது" என்றார்.

ராமக்காள் தேய்ப்பதை நிறுத்தினார். "ஐயோ, எனக்குத் தோணவே இல்லியே தாயி" என்றார் மெல்ல.

டாக்டர் நிர்மலா நர்ஸ் ஜாஸ்மினைக் கூப்பிட்டு, ஊசியை இடது கைக்கு மாற்றச் சொன்னார். அட்டைக்கட்டைத் தானே அவிழ்த்தார். விரல் வீங்கியிருந்தது. ஜாஸ்மின் அதை மெதுவாகப் பிடித்து நீவிவிட்டார். தீர்த்தம்மாள் தன் போனை அவனுடைய விரலுக்கு அடியில் வைத்துப் பிடித்தார்.

வெகுநேரம் ஒன்றும் இல்லை. விரல் நடுங்கியது, நின்றது. வெளியே பச்சியப்பனின் போன் மறுபடி அடிப்பது கேட்டது. பிறகு திரையில் எழுத்து வந்தது. 'கர' என்று வந்ததும் போன் தானாகவே 'கரும்பு' என்று காட்டியது. மதி கண்ணை உருட்டினான். அந்த நிலையிலும், அந்தச் சலிப்பில் அவன் அவனாகவே இருந்தான். அழித்து மறுபடி அடித்தான்.

'கரண்ட் போனா?'

தீர்த்தம்மாள் சத்தமாகப் படித்தார். ராமக்காளுக்குப் புரியவில்லை. "கரண்டா? இங்க கரண்டு போவாது சாமி."

விரல் மறுபடி நகர்ந்தது. 'இங்க இல்ல. வூட்ல. மிஷின் நின்னுடுமே. யார் அமுக்குவீங்க?'

அவன் முந்தைய நாளிலிருந்தே இதைத்தான் யோசித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். வூட்டுக்குப் போலாமா என்று அம்மா கேட்டார், போகலாம் என்று சொன்னான். தோட்டத்து லைனில் காற்றடித்தாலே மின்சாரம் போய்விடும் என்பதுதான் அவனுடைய பயம். மிஷின் தன்னோடு வராது என்பது அவன் மனதில் வரவே இல்லை.

ராமக்காள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். சத்தம் வராமல் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

மதி அம்மாவைத் தேடினான். தலையைத் திருப்ப முடியாது. கண் மட்டும் கீழே போய் வந்தது. மறுபடி தீர்த்தம்மாளிடம் நின்றது. 'என்னாச்சு? அக்கா நீ சொல்லு.'

டாக்டரைப் பார்த்தார் தீர்த்தம்மாள். டாக்டர், சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தீர்த்தம்மாள் மதியின் பக்கம் குனிந்தார்.

"மதி, இவங்க வூட்டுக்குன்னு சொன்னது மிஷினோட இல்ல. மிஷின எடுத்துருவாங்க. எடுத்தா உனக்கு மூச்சு நின்னுரும். உனக்கு இது கஷ்டம்னு நெனச்சு, நீ சரின்னுட்டேன்னு நெனச்சு, அப்பிடி முடிவு பண்ணிட்டாங்க. இப்ப நான் உன்னயே கேக்கறேன். உனக்கு அது வேணுமா? வேணும்னாலும் சொல்லு. யாரும் திட்டமாட்டோம்."

அவனுடைய கண் மூடியது. மூடியது திறக்கவில்லை. கண்ணை மூடினால் சரி என்றுதானே இத்தனை நேரமும் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். மிஷின் ஒரே சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நாடித்துடிப்பு காட்டும் திரையில் எண் ஏறிக்கொண்டே போனது. டாக்டர் அதைத்தான் பார்த்தார்.

"கண்ணத் தொறடா. கண்ணால வேணாம், வெரலால சொல்லு" என்றார் தீர்த்தம்மாள். குரல் அவருடையதாகவே இல்லை.

விரல் அசைந்தது. 'வேணாம்.'

"எது வேணாம்? சாவறதா, மிஷினா?"

'சாவு வேணாம்.' கொஞ்சம் நின்றது. பிறகு, 'வூட்டுக்கும் வேணாம்.'

டாக்டர் நிர்மலா வெளியே போய்ப் பச்சியப்பனை அழைத்து வந்தார். அவர் போன் திரையைப் படித்தார். இரண்டு தடவை படித்தார். தம்பியின் பக்கத்தில் வந்து தலையில் கை வைக்கப் போனார். மதியின் கண் அந்தக் கையைப் பார்த்தது, உடனே மிஷினுக்குப் போனது, மறுபடி கைக்கு வந்தது. அண்ணன் எதைத் தொடப் போகிறார் என்று பார்க்கிறான். பச்சியப்பனுக்கும் அது புரிந்துவிட்டது. கையை எடுத்துக்கொண்டு சுவரோடு போய் நின்றார்.

ஆம்புலன்ஸ் காலியாகப் போனது. வேப்பமரத்தடியில் நின்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் தீர்த்தம்மாளிடம் வந்து, "உசுரக் காப்பாத்தி வெச்சிட்டீங்க. இனி யாரு பாக்கறது?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனார். வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு தீர்த்தம்மாள் வெகுநேரம் கதவைச் சாத்தவில்லை.

"நான் சொல்லாம இருந்திருந்தா அவன் அவங்கம்மா வூட்டப் பாத்துப் பயந்திருக்க மாட்டான்" என்றார்.

"சொல்லாம இருந்திருந்தா அவனே இருந்திருக்க மாட்டானே."

"ரெண்டும்தான் புள்ள." கதவைச் சாத்தினார்.

இது நடந்து சில மாதங்கள் ஆகின்றன. மதிக்குத் தொண்டையில் துளையிட்டுச் சின்னக் குழாய் வைத்தார்கள். வாய்க் குழாய் போய்விட்டது. பேச்சு திரும்பவில்லை. இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறான். வீட்டில் வைக்கிற சின்ன மிஷின் வந்துவிட்டது. பேட்டரியும் வாங்கியாயிற்று. தீர்த்தம்மாள் மின்வாரிய அலுவலகத்துக்குப் போய், தோட்டத்து லைனில் மின்சாரம் நிறுத்துவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லியாக வேண்டும் என்று வாரத்துக்கு ஒருமுறை வாசலை மறித்து நிற்கிறார். பச்சியப்பன் ரப்பர் பையை அமுக்கக் கற்றுக்கொண்டார். ஜாஸ்மின்தான் கற்றுக்கொடுத்தார். பழகுவதற்காக வெறும் பையை வைத்து வராந்தாவில் உட்கார்ந்து அமுக்கிக்கொண்டிருப்பார். தம்பியின் மேல் வைத்துப் பழக மதி இன்னும் விடவில்லை.

மதி தூங்குவதும் குறைந்துவிட்டது. யாராவது கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தால் விழித்துக்கொள்கிறான். அவனுக்கு என்ன தோன்றுகிறது என்று தீர்த்தம்மாளுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. அவர் வருகிற நாளில் கட்டிலை ஒட்டி நாற்காலியை நிறுத்தி, "நான் முழிச்சிருக்கறேன், நீ தூங்கு" என்கிறார். அப்போது மட்டும் ஒரு மணி நேரம் தூங்குகிறான்.

போன வாரம் போயிருந்தோம். ராமக்காள் அவனுக்குத் தலை சீவிக்கொண்டிருந்தார். வீடு என்ற சொல்லை இப்போது அவர் சொல்வதில்லை.

"சாமி, நம்ம தோட்டத்துக்குப் போலாமா?"

விரல் நகர்ந்தது. 'மிஷினோட?'

"மிஷினோடதான் சாமி."

'அண்ணன்?'

அறை வாசலில் நின்றிருந்த பச்சியப்பன் உள்ளே வரவில்லை. அங்கிருந்தே சொன்னார். "நான் வேணா மாட்டுக் கொட்டாயில படுத்துக்கறேன் மதி. நீ கூப்படறப்ப மட்டும் வர்றேன்."

மதி அண்ணனைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ராமக்காள் சீப்பைப் பிடித்தபடி நின்றார். விரல் திரைக்கு மேலே இருந்தது. நாங்கள் கிளம்பும்வரை அது எதையும் எழுதவில்லை.